ஒரே ஊரில் 86 ஆயிரம் பேரும் 38 ஆயிரம் பேரும்: பேஸ்பால் மைதானங்கள் ஏன் சுருங்கின?

1948 அக்டோபர் 10, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக் கரையிலுள்ள கிளீவ்லாந்து நகரம். பேஸ்பால் சீசனின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸின் ஐந்தாவது ஆட்டத்தைப் பார்க்க அன்று 86,288 பேர் வந்தார்கள். 2016 நவம்பர் 2. அதே ஊர், அதே வேர்ல்ட் சீரீஸ். இந்த முறை ஏழாவது ஆட்டம், கோப்பை யாருக்கு என்று முடிவாகும் ஆட்டம். மைதானத்துக்குள் இருந்தவர்கள் 38,104 பேர்.

மக்களுக்கு ஆட்டத்தின் மேல் இருந்த மோகம் போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 2016-ல் டிக்கெட் கிடைக்காமல் மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நின்ற கூட்டம் சின்னக் கூட்டம் இல்லை. நின்று பார்க்கும் இடத்தையும் சேர்த்து உள்ளே இருந்த இடமே அவ்வளவுதான். அந்த இடத்தையும் அணி நிர்வாகம் தெரிந்தே, காசு செலவழித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருந்தது. கிளீவ்லாந்து மட்டும் இப்படிச் செய்யவில்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் கட்டப்பட்ட அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் பெரும்பாலானவை, அவற்றுக்கு முன்பிருந்த பழைய மைதானங்களைவிடச் சிறியவை. நியூயார்க் மெட்ஸ் அணியின் ஷே ஸ்டேடியத்தில் 57 ஆயிரம் பேர் அமரலாம். அதற்குப் பதிலாக 2009-ல் வந்த சிட்டி ஃபீல்டில் 42 ஆயிரம். அட்லாண்டாவில் கிட்டத்தட்ட 50 ஆயிரம் 41 ஆயிரமாயிற்று. டெக்சஸில் 48 ஆயிரம் 40 ஆயிரமாயிற்று.

ஒரு வியாபாரம் தன் கடையைத் தானே சின்னதாக்கிக்கொள்ளுமா? கணக்கைப் பார்த்தால் விஷயம் புரியும்.

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு சீசனில் 162 ஆட்டம், அதில் 81 சொந்த மைதானத்தில். நம் ஊர் ஐபிஎல் அணிக்கு லீக் சுற்றில் சொந்த ஊரில் கிடைப்பது 7 ஆட்டம். ஏழு நாள் கூட்டம் சேர்ப்பது ஒரு வேலை. 81 நாள் சேர்ப்பது முற்றிலும் வேறு வேலை. மார்ச் கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம் இருக்கும். ஏப்ரலில் கிளீவ்லாந்தில் பனி கொட்டும். 2007-ல் அப்படிக் கொட்டித் தீர்த்ததில், அணி ஒரு தொடரையே கூரை போட்ட மில்வாக்கி மைதானத்துக்குக் கொண்டுபோய் ஆட வேண்டியதாயிற்று. பள்ளி நடக்கும் மாதங்களில் செவ்வாய், புதன் இரவுகளில் குடும்பங்கள் வருவது குறைவு. ஜூன் பிறந்து விடுமுறை விட்டதும் கூட்டம் ஏறும். சனிக்கிழமைக் கூட்டம் திங்கட்கிழமைக்கு வராது. எதிரணி நியூயார்க் யாங்கீஸ் என்றால் ஒரு கூட்டம், கடைசி இடத்தில் கிடக்கும் அணி என்றால் இன்னொரு கூட்டம்.

2024 சீசன் முழுவதும் சேர்த்து மேஜர் லீக் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் 7.1 கோடிக்கும் மேல். ஆட்டத்துக்குச் சராசரியாக 29 ஆயிரத்துச் சொச்சம். எல்லாக் காலத்திலும் அதிகபட்சமான 2007-ல்கூட, ஏறத்தாழ 7.95 கோடிப் பேர் வந்தபோதும், சராசரி 33 ஆயிரத்தைத் தொடவில்லை. ஆக, 55 ஆயிரம் இருக்கைகளோடு கட்டினால், மிக நல்ல வருடத்திலும் ஒரு சாதாரண நாளில் இருபதாயிரத்துக்கும் மேல் காலியாகக் கிடக்கும். சீசனின் மிகப் பெரிய நாளுக்காகக் கட்டுவதா, ஒரு சாதாரணப் புதன்கிழமைக்காகக் கட்டுவதா? நூறு ஆண்டுகளாக பேஸ்பால் முதலாளிகளும் நகராட்சிகளும் இந்தக் கேள்விக்குத்தான் மாற்றி மாற்றிப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள்.

இதை கிளீவ்லாந்தைவிடத் தெளிவாகக் காட்டும் ஊர் வேறு இல்லை என்பேன். 1931-ல் நகராட்சி, மக்களிடம் வாக்கெடுப்பு நடத்திக் கடன் வாங்கி, ஏரிக்கரையில் முனிசிபல் ஸ்டேடியத்தைக் கட்டியது. எழுபதாயிரத்துக்கும் மேல் இருக்கை. அடுத்த ஆண்டு ஜூலை 31 அன்று அங்கே நடந்த முதல் பேஸ்பால் ஆட்டத்துக்கு எண்பதாயிரம் பேர் திரண்டார்கள். ஆனால் அது நாடே பொருளாதார வீழ்ச்சியில் மூழ்கிக் கிடந்த காலம். திறப்பு விழாக் கூட்டம் கலைந்ததும் நிலைமை வெளிப்பட்டது. 1933 சீசன் முழுவதும் அந்தப் பிரம்மாண்டத்தில் ஆடியும் மொத்தமாக 4 லட்சம் பேர்கூட வரவில்லை. அணி என்ன செய்தது தெரியுமா? லீக் பார்க் என்ற தன் பழைய மைதானத்துக்கே திரும்பிப் போய்விட்டது. இருபதாயிரத்துச் சொச்சம் இருக்கை, மின்விளக்குக்கூட இல்லாத இடம். அப்புறம் ஒரு விசித்திரமான ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. வார நாளில் சின்ன மைதானம். ஞாயிறு, விடுமுறை நாள், பிற்பாடு விளக்கொளியில் நடந்த இரவு ஆட்டம் என்றால் பெரிய மைதானம். 1946 வரை இப்படித்தான் ஓடியது. பெரிய நாளுக்கு ஒன்று, சாதாரண நாளுக்கு ஒன்று என்று இரண்டு மைதானங்களை வைத்துக்கொண்டு ஓர் அணி காலம் தள்ளியதை நினைத்தால், இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அத்தனையும் அதிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது.

அணியை வாங்கிய பில் வெக் 1947 முதல் எல்லா ஆட்டங்களையும் ஏரிக்கரைக்கே மாற்றினார். கூட்டம் சேர்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் முதல் கறுப்பின வீரரான லாரி டோபியை 1947-ல் சேர்த்தார். அடுத்த ஆண்டு, கறுப்பினத்தவருக்கான தனி லீக்குகளில் புகழின் உச்சிக்குப் போயிருந்த சாச்சல் பெய்ஜைக் கொண்டுவந்தார். ஆகஸ்ட் 20 இரவு பெய்ஜ் பந்து எறிந்த ஆட்டத்துக்கு 78,382 பேர் வந்தார்கள். ஹவாயிலிருந்து விமானத்தில் ஆர்கிட் பூ வரவழைத்துப் பெண் ரசிகர்களுக்குக் கொடுத்த இரவும் அதே சீசனில்தான். 1948-ல் மொத்தம் 26.2 லட்சம் பேர். அந்தச் சாதனையை முறியடிக்க 1962 வரை எந்த அணியாலும் முடியவில்லை.

நல்ல அணி, நட்சத்திர வீரர்கள், விடாமல் யோசிக்கும் முதலாளி எல்லாம் கூடிவந்தால் பெரிய மைதானம் பொன் முட்டையிடும். கூடிவராத வருடங்களில்தான் பிரச்சினை. 1954-க்குப் பிறகு 41 ஆண்டுகள் கிளீவ்லாந்து வேர்ல்ட் சீரீஸை எட்டவே இல்லை. உருக்காலைகள் மூடின, ஊர் காலியாகிக்கொண்டே வந்தது. 1950 கணக்கெடுப்பில் 9 லட்சத்துக்கும் மேல் இருந்த நகர மக்கள்தொகை 2020-ல் 3.72 லட்சம். 1985-ல் அணி சீசன் முழுக்கச் சேர்த்த கூட்டம் 6.5 லட்சம். ஆட்டத்துக்கு எட்டாயிரம் பேர், எழுபத்து நான்காயிரம் இருக்கைகளுக்கு நடுவே.

எட்டாயிரம் பேர் எட்டாயிரம் இருக்கைகளில் அமர்ந்தால் அது திருவிழா. எழுபத்து நான்காயிரத்தில் சிதறி அமர்ந்தால் கைதட்டல்கூடப் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. வெளிக்களத்துக்குப் பின்னால் கூரையில்லாத பெஞ்சுகளில் உட்காரும் ரசிகர்கள், ஆட்டம் சூடு பிடிக்கும்போது காலி இருக்கைகளைப் படபடவென்று தட்டிச் சத்தம் எழுப்புவார்கள். ஜான் ஆடம்ஸ் என்ற ரசிகர் 1973 ஆகஸ்ட்டில் ஒரு பெரிய பேஸ் டிரம்மையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல், ஏறக்குறைய ஒவ்வோர் ஆட்டத்திலும் கடைசி வரிசையில் அமர்ந்து அதை அடித்தார். தனக்கு ஒரு டிக்கெட், டிரம்முக்கு ஒரு டிக்கெட் என்று இரண்டு வாங்குவார். 2023-ல் அவர் மறைந்தார். அவ்வளவு பெரிய வெறுமையை ஒற்றை மனிதர் சத்தத்தால் நிரப்பப் பார்த்ததை எழுதும்போது எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

காலி இருக்கை ஆட்டத்தின் சூழலைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. டிக்கெட் விற்பனையின் அடிமடியிலேயே கை வைக்கிறது. எழுபத்து நான்காயிரம் இருக்கைகள் உள்ள மைதானத்தில் எந்த நாள் போனாலும் கவுன்டரில் டிக்கெட் கிடைக்கும். அப்படியிருக்க ஜூலை ஆட்டத்துக்கு ஜனவரியில் யார் பணம் கட்டுவார்கள்? வானம் எப்படி இருக்கிறது, இன்று எந்த பிட்சர் பந்து எறிகிறார், அணி எத்தனை ஆட்டம் தோற்றிருக்கிறது எல்லாம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் முடிவெடுத்தால் போதும். சாயங்காலம் முடிவெடுக்கிறவர் பாதி நாள் வீட்டிலேயே இருந்துவிடுவார். இருக்கை குறைந்தால் கதை மாறும். வேண்டிய நாளில் வேண்டிய இடம் கிடைக்காதோ என்ற பயம் ஒருமுறை வந்துவிட்டால் ஆட்கள் சீசன் டிக்கெட்டாகவே வாங்குவார்கள். அதாவது 81 ஆட்டத்துக்குமான பணத்தை, ஒரு பந்துகூட எறியப்படாத குளிர்காலத்திலேயே அணியின் கையில் கொடுத்துவிடுவார்கள். மழை வந்தாலும் அணி தோற்றாலும் அந்தப் பணம் வந்தது வந்ததுதான். அதை நம்பி நல்ல வீரர்களை நீண்ட ஒப்பந்தத்தில் பிடித்து வைக்கலாம். நல்ல அணி இருந்தால் அடுத்த ஆண்டும் டிக்கெட்டுக்கு அடிபிடி.

இன்னொரு காரணம் பார்வை. பேஸ்பால் சின்னப் பந்தில் ஆடும் ஆட்டம். பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்ஸ்மேனுக்கும் நடுவே 60 அடி 6 அங்குலம். வேகப்பந்து மணிக்கு 150 கிலோமீட்டரையொட்டி வரும். கடைசி நொடியில் வளையும், தாழும். ஆட்டத்தின் முக்கால்வாசி விறுவிறுப்பு அந்த அறுபது அடிக்குள்தான். பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒரு சண்டை. நானூறு அடி தள்ளி, மூன்றாவது அடுக்கின் உச்சியில் உட்கார்ந்தால், வெள்ளையாக ஏதோ போனது என்பதோடு சரி. மைதானத்தைப் பெரிதாக்கும்போது புதிதாகச் சேரும் இருக்கை எப்போதும் இருப்பதிலேயே தொலைவான, உயரமான இடத்தில்தான் சேரும். நல்ல இருக்கைகள் முதல் முப்பதாயிரத்திலேயே தீர்ந்துவிடும். அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொன்றும் முன்னதைவிட மோசம், கட்டும் செலவோ முன்னதைவிட அதிகம்.

பழைய மைதானங்கள் இதை ஒரு விதத்தில் சமாளித்தன. பாஸ்டனின் ஃபென்வே பார்க் 1912-ல் கட்டியது. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு 1914. அந்தக் காலத்து மைதானங்களில் இரும்புத் தூண்களை நட்டு, மேல் அடுக்கைக் கீழ் அடுக்கின் தலைக்கு நேர் மேலேயே தூக்கி நிறுத்தினார்கள். தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர் பாடு திண்டாட்டம். மற்றவர்கள் களத்துக்கு மிகப் பக்கத்தில் இருப்பார்கள். பின்னால் வந்த கட்டடக்காரர்கள் தூணே கூடாது என்று முடிவெடுத்தார்கள். தூண் இல்லாவிட்டால் மேல் அடுக்கைப் பின்னுக்குத் தள்ளித்தான் ஆக வேண்டும். மறைப்பு போனது, தூரம் வந்தது.

1960-களிலும் 70-களிலும் நிலைமை இன்னும் மோசமாயிற்று. செயின்ட் லூயிஸ், சின்சினாட்டி, பிட்ஸ்பர்க், ஃபிலடெல்ஃபியா என்று நகரம் நகரமாக, பேஸ்பாலுக்கும் அமெரிக்க ஃபுட்பாலுக்கும் பொதுவாக ஒரே வட்ட மைதானத்தைக் கட்டினார்கள். வரிப்பணத்தில் இரண்டு அணிகளுக்கு ஒரே கட்டடம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஃபுட்பால் அணிக்கு வருடத்தில் எட்டோ பத்தோ சொந்த ஊர் ஆட்டங்கள். அவ்வளவுக்கும் ஐம்பது, அறுபதாயிரம் பேர் வருவார்கள். இருக்கைகளின் எண்ணிக்கையை அந்தக் கூட்டத்தை வைத்து முடிவு செய்தார்கள். மீதி 81 நாளும் பேஸ்பால் அந்த வட்டத்துக்குள் தொலைந்து நின்றது. அந்தக் கட்டடங்கள் இடிக்கப்பட்டபோது பேஸ்பால் ரசிகர்களில் அழுதவர்கள் குறைவு.

திருப்பம் 1992-ல் பால்டிமோரில் வந்தது. கேம்டன் யார்ட்ஸ் என்ற மைதானத்தை பேஸ்பாலுக்கென்றே, பழைய செங்கல் கிடங்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, நகரத்தின் நடுவே கட்டினார்கள். அதைப் பார்த்து மற்ற ஊர்களும் கிளம்பின. கிளீவ்லாந்து 1994-ல் ஜேக்கப்ஸ் ஃபீல்டைத் திறந்தது. 43 ஆயிரம் இருக்கை. பழையதைவிட முப்பதாயிரம் குறைவு. 1995 ஜூன் 12 முதல் 2001 ஏப்ரல் 4 வரை தொடர்ந்து 455 ஆட்டங்கள் ஹவுஸ்ஃபுல். 1996 சீசனுக்கான டிக்கெட் முழுவதும், சீசன் தொடங்குவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. எட்டாயிரம் பேர் வந்த ஊர் இது! புகழ்பெற்ற வீரர்களின் சட்டை எண்களை இனி யாருக்கும் தராமல் ஓய்வு கொடுப்பதுபோல, ரசிகர்களைக் கௌரவித்து 455 என்ற எண்ணுக்கும் அணி ஓய்வு கொடுத்தது. பிறகு ஃபென்வே அந்தச் சாதனையை முறியடித்தது. 2003-லிருந்து 2013 வரை, பிளே ஆஃப் ஆட்டங்களையும் சேர்த்து, 820 ஆட்டம். அதுவும் லீக்கின் மிகச் சிறிய மைதானங்களில் ஒன்று.

இதை வைத்து "சின்னதாகக் கட்டு, கூட்டம் வரும்" என்று சூத்திரம் எழுதிவிடக் கூடாது. கிளீவ்லாந்தில் அந்த வருடங்களில் பல விஷயங்கள் சேர்ந்து நடந்தன. இளம் வீரர்களை முன்கூட்டியே நீண்ட ஒப்பந்தத்தில் கட்டிப்போட்ட நிர்வாகம், 1995-லும் 1997-லும் வேர்ல்ட் சீரீஸ் வரை போன அணியை உருவாக்கியிருந்தது. 1995 சீசனோடு ஊரின் ஃபுட்பால் அணியான பிரௌன்ஸ் வேறு ஊருக்குப் போய்விட்டது. 1999 வரை நகரத்து ரசிகர்களின் பணமும் பாசமும் பேஸ்பால் பக்கமே திரும்பியிருந்தன. அணி சரிந்ததும் கூட்டமும் சரிந்தது. 2003-ல், அதே அழகான மைதானத்துக்கு, சீசன் முழுவதும் வந்தவர்கள் சுமார் 17 லட்சம். உச்சத்தில் இருந்ததில் ஏறக்குறைய பாதி.

பிட்ஸ்பர்க் இன்னும் கூர்மையான உதாரணம். 2001-ல் அவர்கள் திறந்த பிஎன்சி பார்க் பேஸ்பால் உலகின் மிக அழகான மைதானம் என்று பலர் சொல்வார்கள், எனக்கும் மறுப்பில்லை. இரண்டே அடுக்கு, 38 ஆயிரத்துச் சொச்சம் இருக்கை. மிக மேலே இருக்கும் இருக்கைகூட களத்திலிருந்து 88 அடிதான். முதல் ஆண்டு 24 லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். இரண்டாம் ஆண்டே 18 லட்சத்துக்கும் கீழே போனது. காரணம் எளிது. அணி 1993 முதல் 2012 வரை இருபது சீசன் தொடர்ந்து, வென்றதைவிடத் தோற்றதே அதிகம். புது மைதானத்தைப் பார்க்க வருகிறவர் ஒருமுறை, இரண்டுமுறை வருவார். அப்புறம் ஆட்டத்தைப் பார்க்கத்தான் வர வேண்டும். 2013-ல் அணி எழுந்தது. 2015-ல் கிட்டத்தட்ட 25 லட்சம் பேர் வந்தார்கள். மைதானம் அதேதான்.

எதிர்த்திசையிலும் சாட்சி உண்டு. லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியம் 1962-ல் 56 ஆயிரம் இருக்கைகளோடு திறந்தது. இன்றும் அதே 56 ஆயிரம். இப்போது லீக்கிலேயே பெரியது அதுதான். ஒரு சீசனில் 30 லட்சம் பேரை முதன்முதலில் இழுத்தது அங்கேதான், 1978-ல். 2025-ல் டாட்ஜர்ஸ் 40 லட்சத்தையும் தாண்டியது. சுற்றி வாழும் மக்கள்தொகை கோடிக் கணக்கில். மழை என்பது அபூர்வம். அணி எப்போதும் பணம் போட்டு நட்சத்திரங்களை வாங்கும், இப்போது ஷோஹெய் ஒஹ்தானி இருக்கிறார். இந்த மூன்றும் உள்ள ஊருக்குப் பெரிய மைதானம் சரி. கிளீவ்லாந்துக்கு இதில் முதல் இரண்டும் வாய்க்காது.

டென்வரில் நடந்ததைச் சொன்னால் தவறான கணிப்பின் விலை தெரியும். கொலராடோ ராக்கீஸ் 1993-ல் புதிதாகப் பிறந்த அணி. தற்காலிகமாக ஃபுட்பால் மைதானமான மைல் ஹையில் ஆடியது. சொந்த ஊரின் முதல் ஆட்டத்துக்கு 80,227 பேர். அந்த சீசனில் மொத்தம் 44.8 லட்சம், இன்றுவரை யாரும் தொடாத எண். அப்போது அவர்களுக்கென்று கட்டிக்கொண்டிருந்த கூர்ஸ் ஃபீல்டின் திட்டத்தில் 44 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவான இருக்கைகளே இருந்தன. கூட்டத்தைப் பார்த்து நடுவிலேயே திட்டத்தை மாற்றி, வலப்பக்க மேல் அடுக்கை நீட்டி, 50 ஆயிரமாக்கினார்கள். 1995-ல் திறந்து, சில ஆண்டுகளில் புதுமை தீர்ந்ததும், அந்த மேல் அடுக்குக் காலியாகக் கிடந்தது. 2014-ல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்து, ஆயிரக்கணக்கான இருக்கைகளை எடுத்துவிட்டு, நின்று பேசிக்கொண்டே ஆட்டம் பார்க்கும் திறந்த மாடி ஒன்றை அமைத்தார்கள். கிளீவ்லாந்தும் அடுத்தடுத்த ஆண்டுகளில் இதையே செய்தது. 43 ஆயிரம் 35 ஆயிரமானது அப்படித்தான். 2016-ல் வேர்ல்ட் சீரீஸ் வரை போன அந்த அணிக்கு, லீக் சுற்றில் 81 நாளும் சேர்த்து வந்தவர்கள் 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு, ஆட்டத்துக்கு இருபதாயிரத்துக்கும் கீழே. இருந்த 35 ஆயிரமே அதிகம்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த எண்களையெல்லாம் தலையை எண்ணிச் சொன்னதாக நினைத்துவிடக் கூடாது. மேஜர் லீக்கில் அறிவிக்கப்படும் எண்ணிக்கை விற்ற டிக்கெட்டின் எண்ணிக்கை. டிக்கெட் வாங்கிவிட்டு வராதவரும் அதில் அடங்குவார். ஒரு காலத்தில் மற்றொரு பிரிவான நேஷனல் லீக், வாசலில் சுழல்கதவு வழியாக உள்ளே வந்தவர்களை எண்ணியது. அமெரிக்கன் லீக் விற்றதை எண்ணியது. 1990-களின் தொடக்கத்தில் நேஷனல் லீக்கும் விற்றதை எண்ணும் முறைக்கு மாறிவிட்டது. ஆகவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது கவனம் வேண்டும். ஜப்பானில் இது இன்னும் வெளிப்படை. டோக்கியோ டோமில் நிறைந்த ஆட்டம் என்றால் ஐம்பத்தைந்தாயிரம் என்று வழக்கமாக அறிவிப்பார்கள். 2005 முதல் உண்மையான கணக்கைச் சொல்ல வேண்டும் என்றானதும் எண் நாற்பதாயிரங்களுக்கு இறங்கிவிட்டது.

இந்தக் கணக்கு முறையின் விநோதத்தை 2025 ஆகஸ்ட் 2 அன்று எல்லோரும் பார்த்தார்கள். டென்னசியின் பிரிஸ்டலில் உள்ள கார் பந்தயத் திடலில் அட்லாண்டாவும் சின்சினாட்டியும் ஆடின. விற்ற டிக்கெட் 91,032. 1954-ல் கிளீவ்லாந்தின் ஏரிக்கரையில் பதிவான 84,587 என்ற லீக் சுற்றுச் சாதனை 71 ஆண்டுகளுக்குப் பிறகு உடைந்தது. ஆனால் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மழை கொட்டி நின்றுபோயிற்று. மறுநாள் தொடர்ந்தபோது வந்தவர்கள் மிகச் சிலர். ஆட்டத்தின் பெரும்பகுதி அந்த ராட்சதத் திடலில் காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆடி முடிக்கப்பட்டது. பதிவேட்டில் இருப்பது 91,032. சாதனையைக் குறைத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. பெரிய நாளை மட்டும் நம்பினால் ஒரு மழை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது.

சரி, சின்ன மைதானத்தால் யாருக்கு நஷ்டம்? இதைப் பற்றி அணிகள் பேசுவதில்லை. நான் பேச விரும்புகிறேன். மூன்றாவது அடுக்கின் உச்சி மோசமான இடம்தான், ஆனால் மலிவான இடம். கூலி வேலை செய்பவர் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, முன்பதிவு இல்லாமல், நினைத்த நாளில் போய் உட்காரக்கூடிய இடம் அது. இருக்கையைக் குறைக்கும்போது முதலில் போவது அதுதான். ஆடம்பர அறைகளும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலான சாப்பாட்டுக் கூடங்களும் குறைவதில்லை, பெருகுகின்றன. 2009-ல் திறந்த புதிய யாங்கி ஸ்டேடியத்தில் முன்வரிசை இருக்கை ஒன்றின் விலை ஓர் ஆட்டத்துக்கு 2,500 டாலர் வரை போனது. பேட்ஸ்மேனுக்கு நேர் பின்னால் இருந்த அந்த வரிசைகள் காலியாகக் கிடந்தது ஒவ்வொரு பந்துக்கும் தொலைக்காட்சியில் தெரிந்தது. சீசன் தொடங்கிய மாதத்திலேயே சில இருக்கைகளின் விலையைப் பாதியாகக் குறைத்தார்கள்.

ஓக்லண்டில் நடந்ததும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 1990-களின் நடுவில் ஃபுட்பால் அணியைத் திரும்ப அழைப்பதற்காக, பேஸ்பால் மைதானத்தின் வெளிக்களத்துக்குப் பின்னால் ஒரு கான்கிரீட் மலையை எழுப்பினார்கள். அதுவரை அங்கிருந்து தெரிந்த குன்றுகள் மறைந்தன. 2006-ல் ஊரின் பேஸ்பால் அணியான அத்லெடிக்ஸின் நிர்வாகம் மூன்றாவது அடுக்கைத் தார்ப்பாய் போட்டு மூடி, இருக்கைகளை 34 ஆயிரத்துக்குக் கொண்டுவந்தது. பற்றாக்குறையை உண்டாக்கும் அதே தந்திரம்தான். ஆனால் நல்ல வீரர்களை விற்றுக்கொண்டே இருந்த அணிக்கு அது உதவவில்லை. ரசிகர்கள் இல்லாததால்தான் ஊரை விட்டுப் போகிறோம் என்ற பேச்சு எழுந்தபோது, 2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் திட்டமிட்டு 27,759 பேர் வந்து, அணியை விற்றுவிடும்படி முதலாளியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். கடைசி ஆட்டமான 2024 செப்டம்பர் 26-க்கு 46,889 பேர். அடுத்த ஆண்டு அணி சாக்ரமென்டோவில் 14 ஆயிரம் பேர் கொள்ளும் சிறு மைதானத்துக்குப் போனது. அங்கே சராசரி பத்தாயிரத்தைத் தொடவில்லை. லாஸ் வேகஸில் இப்போது அவர்கள் கட்டிக்கொண்டிருப்பது 33 ஆயிரம் பேருக்கான மைதானம்.

குறைத்த இருக்கைகளுக்கு ஈடாக அணிகள் இப்போது விற்பது நிற்கும் இடம். கிளீவ்லாந்தில் மேல் அடுக்கைப் பெயர்த்த இடங்களிலும் வலப்பக்க மூலையிலுள்ள மதுக்கூடத்தைச் சுற்றியும் நின்று பார்க்கலாம். ஒரு பானத்தையும் சேர்த்துக் குறைந்த விலையில் டிக்கெட் தருகிறார்கள். வேறு அணிகள் மாதச் சந்தா போட்டு, அந்த மாதம் எத்தனை ஆட்டத்துக்கு வேண்டுமானாலும் வந்து நிற்கலாம் என்கின்றன. இளைஞர்களுக்கு இது பிடித்திருக்கிறது. நண்பர்களோடு நடந்துகொண்டே ஆட்டம் பார்க்கிறார்கள். 2023-ல் பிட்சருக்கு நேரக் கடிகாரம் வைத்த பிறகு ஆட்டமும் மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டே முக்கால் மணிக்கும் கீழே வந்துவிட்டது. ஆனாலும் முட்டி வலியுள்ள ஒரு தாத்தாவால் பேரனோடு ஒன்பது இன்னிங்ஸ் நிற்க முடியாது. மலிவு விலையில் உட்காரும் இடம் என்று ஒரு ஐயாயிரமாவது ஒவ்வொரு மைதானத்திலும் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. மைதானம் கட்ட நகராட்சியும் மாநிலமும் வரிப்பணம் கொடுக்கும் ஊர்களில், ஒப்பந்தத்திலேயே அதை எழுதி வாங்கலாம்.